பனிக்குள் ஒரு காட்டேரி: ‘லெட் த ரைட் ஒன் இன்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2008இல் வந்த இந்த ஸ்வீடிஷ் படத்தைப் பார்க்கச் சொல்லி நான் நச்சரிக்காத ஆள் இல்லை. பார்க்காதவர்கள் சில கேள்விகள் கேட்பார்கள், பார்த்துவிட்டு வந்தவர்கள் வேறு சில கேட்பார்கள். இரண்டையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். நடுவில் ஒரு எச்சரிக்கை வரும். கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் அங்கே நிறுத்திக்கொண்டு, படத்தைப் பார்த்துவிட்டு மீதியைப் படிக்கலாம்.

கதை என்ன, சுருக்கமாக?

1980களின் தொடக்கம். ஸ்டாக்ஹோமின் மேற்கே பிளாக்கெபெர்க் என்ற புறநகர். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் அம்மாவோடு வசிக்கிற ஓஸ்கருக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் மூன்று பையன்கள் அவனை விடாமல் வதைக்கிறார்கள். அவன் திருப்பி அடிப்பதில்லை. ராத்திரியானால் முற்றத்துக்கு வந்து, ஒரு மரத்தைக் கத்தியால் குத்திக்கொண்டு, அவர்களிடம் சொல்ல முடியாததையெல்லாம் மரத்திடம் சொல்கிறான்.

ஒரு நாள் இரவில் பக்கத்து வீட்டுக்கு ஒரு வயதான ஆளும் ஒரு சிறுமியும் குடிவருகிறார்கள். வந்ததும் முதல் வேலையாக ஜன்னலை அடைக்கிறார்கள். அவள் பெயர் ஏலி. உறைபனியில் மெல்லிய சட்டையோடு நிற்கிறாள், குளிரவே இல்லை. அப்புறம் ஊரில் ஆட்கள் சாகத் தொடங்குகிறார்கள்.

(ஏலி என்ற பெயரை நெடில் போட்டுத்தான் எழுத வேண்டும். குறில் போட்டால் கொறிக்கிற எலி ஆகிவிடும்.)

பேய்ப்படம் என்றாலே எனக்கு ஆகாது. பார்க்கலாமா?

பார்க்கலாம். இருட்டிலிருந்து திடீரென ஒரு முகம் பாய்ந்து நெஞ்சைப் பதறவைக்கிற வேலை இதில் அநேகமாக இல்லை. ரத்தம் உண்டு. வன்முறையும் உண்டு. ஆனால் பெரும்பாலும் தூரத்தில், பாதி மறைவில் நடக்கும். சாவைக் காட்டுகிற கேமரா தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் பார்ப்பதுபோல நகராமல் பார்க்கும். அதுதான் வயிற்றைப் பிசைகிறது என்பது வேறு விஷயம்.

முக்கிய வேடங்களில் நடித்தவர்கள் பிள்ளைகள் என்பதால் பிள்ளைகளுக்கான படம் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்வீடனிலேயே பதினைந்து வயதுக்கு மேல்தான் அனுமதி.

ரொம்ப மெதுவாகப் போகுமாமே?

ஆமாம், மெதுவாகத்தான் போகும். 114 நிமிடம் ஓடுகிறது. முதல் ஷாட்டே கறுப்புத் திரை, அதில் சத்தமில்லாமல் விழுகிற பனி, அவ்வளவுதான். முதல் இருபது நிமிடத்தைத் தாண்டினால் போதும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன், கடைசிவரை அதே நடைதான். ஆனால் இந்த மெதுவுக்கு ஒரு வேலை இருக்கிறது. யாரும் எதுவும் விளக்குவதில்லை என்பதால் நாமே உற்றுப் பார்க்க ஆரம்பிக்கிறோம். ஓஸ்கர் ஒரு வாரக் கடைசியில் அப்பாவைப் பார்க்கக் கிராமத்துக்குப் போவான். இருவரும் விளையாடிக்கொண்டிருப்பார்கள், சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். அப்பாவின் நண்பர் ஒருவர் வந்து உட்காருவார், மேசைக்கு ஒரு பாட்டில் வரும். யாரும் யாரையும் திட்டவில்லை, குரல் உயரவில்லை. ஆனால் ஓஸ்கரின் முகத்தைப் பார்த்தால் அன்றைய சாயங்காலம் முடிந்துவிட்டது தெரியும். காட்டேரியே இல்லாத காட்சி அது. எனக்கு அதுவும் பயங்கரக் காட்சிதான்.

எங்கே எடுத்தார்கள்? அந்தப் பனி நிஜமா?

நிஜம். கதை நடப்பது ஸ்டாக்ஹோம் பக்கத்தில் என்றாலும், அங்கே பனியை நம்பிப் படப்பிடிப்பு வைக்க முடியாது. அதனால் வெளிப்புறக் காட்சிகளில் பெரும்பகுதியை நாட்டின் வடகோடியில் இருக்கிற லூலியோ நகரத்தில் எடுத்தார்கள். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ள ஊர் அது. நடுக்குளிர்காலத்தில் பகல் என்பது சில மணி நேரம்தான். அங்கே பிளாக்கெபெர்க் போலவே, ஏறக்குறைய அதே காலத்தில் கட்டப்பட்ட குடியிருப்புப் பகுதி ஒன்று இருந்தது வசதியாகப் போயிற்று.

பிளாக்கெபெர்க் பற்றி ஒரு வார்த்தை. 1950களின் தொடக்கத்தில் திட்டம் போட்டுக் கட்டப்பட்ட இடம் அது. மெட்ரோ நிலையம் திறந்தது 1952இல். பழைய கோட்டை, இடிந்த தேவாலயம், பாழடைந்த கல்லறைத் தோட்டம் என்று காட்டேரிக் கதைகளின் வழக்கமான சாமான்கள் எதுவும் அங்கே இல்லை. ஒரே மாதிரி மாடிக் கட்டடங்கள், ஒரு முற்றம், பிள்ளைகள் ஏறி விளையாடக் கம்பிச்சட்டம். கடந்த காலமே இல்லாத ஊருக்குள் இருநூறு வருடப் பழசு ஒன்று குடிவருகிறது. படத்துக்கு மூலமான நாவலை எழுதிய யோன் அய்வீதே லிண்ட்க்விஸ்ட் அந்த ஊரில் வளர்ந்தவர். எழுத்தாளராவதற்கு முன்பு மேஜிக் காட்டியிருக்கிறார், மேடையில் நகைச்சுவை செய்திருக்கிறார். எதை எப்போது மறைக்க வேண்டும் என்று தெரிந்த கை அது.

படம் முழுக்க ஒரு மங்கிய வெளிச்சம் இருக்கிறதே, அது எப்படி?

ஒளிப்பதிவு ஹொய்ட்டே வான் ஹொய்ட்டெமா. பின்னால் ‘இன்டர்ஸ்டெல்லர்’, ‘டன்கர்க்’ எல்லாம் எடுத்து, ‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்காக 2024இல் அகாதமி விருது வாங்கியவர். இந்தப் படத்துக்காக அவரும் இயக்குநர் தோமஸ் ஆல்ஃப்ரெட்சனும் ஒரு வெளிச்சத்தைக் கற்பனை செய்து, அதற்கு ‘தெளிப்பு வெளிச்சம்’ என்று பெயர் வைத்தார்கள். வீட்டு மின்விளக்கின் மந்த வெளிச்சத்தை ஒரு டப்பாவில் பிடித்து அறை முழுக்கத் தெளித்தால் எப்படியிருக்கும், அப்படி.

கவனித்துப் பாருங்கள். கூர்மையான நிழல் அரிது. பேய்ப்படம் என்றால் சுவரில் நீளும் நிழல் வேண்டும் என்பது 1922இன் ‘நோஸ்ஃபெராட்டு’ காலத்திலிருந்து வருகிற வழக்கம். இவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஒளிந்துகொள்ள இருட்டு இல்லாத இடத்தில் நடக்கிற கொலை இன்னும் மோசமாக இருக்கிறது. முதல் கொலையே வெள்ளைப் பனி, வெள்ளை மரங்கள், பக்கத்தில் சாலையில் போகிற வண்டிகள் என்று பளிச்சென்ற இடத்தில்தான்.

ஹெட்போனில் பார்க்கச் சொல்கிறார்களே, ஏன்?

ஏலி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும் என்பதால். படம் தூரத்தில் நிற்கும், ஒலியோ காதுக்குள் வந்து உட்காரும். மூச்சு, எச்சில் விழுங்குவது, பனிமேல் செருப்பு நெரிபடுவது எல்லாம் அங்குல தூரத்தில் கேட்கும். முதல் சந்திப்புகளில் ஒன்றில் ஏலியின் வயிறு உறுமுகிற சத்தம் வரும். ஓஸ்கருக்கு அது என்னவென்று தெரியாது. நமக்கும் சரியாகத் தெரியாது, ஆனால் உடம்பு புரிந்துகொள்ளும். பசி.

ஏலியின் குரலிலும் ஒரு ரகசியம் இருக்கிறது. நடித்தது லீனா லியாண்டர்சன், குரல் அவருடையது இல்லை. எலிஃப் ஜெய்லான் என்ற இன்னொருவர் பேசினார். சற்றுத் தாழ்ந்த, ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்று பிடிபடாத குரல். தெரியாமல் பார்த்தால் இந்தச் சிறுமியிடம் ஏதோ ஒன்று பொருந்தவில்லையே என்று மட்டும் தோன்றும். தெரிந்த பிறகும் தோன்றத்தான் செய்கிறது.

இசை யோஹான் சோடர்க்விஸ்ட். மிரட்டுகிற இசை இல்லை, தாலாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

டப்பிங்கா, சப்டைட்டிலா?

சப்டைட்டில்தான். மேலே சொன்ன குரல் விஷயமே போதுமான காரணம். ஆனால் எந்த சப்டைட்டில் என்பதிலும் ஒரு கதை உண்டு. 2009இல் அமெரிக்காவில் குறுந்தகடு வெளியானபோது, தியேட்டரில் ஓடிய ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்துவிட்டு, சுருக்கித் தட்டையாக்கிய வேறொன்றைப் போட்டிருந்தார்கள். நையாண்டியும் மென்மையும் போய், வெறும் தகவல் மிஞ்சியது. ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த பதிப்பில் தியேட்டர் மொழிபெயர்ப்பு திரும்ப வந்தது. உறைமேலேயே ‘தியேட்ரிக்கல்’ என்று குறிப்பிட்டிருக்கும், வாங்கினால் அதைப் பார்த்து வாங்குங்கள். வசனமே கொஞ்சம்தான் உள்ள படம், அதையும் சுருக்கினால் என்ன மிஞ்சும்?

தலைப்புக்கு என்ன அர்த்தம்?

ஸ்வீடிஷில் ‘லோட் டென் ரெட்டே கொம்மா இன்’. ‘சரியானவனை உள்ளே வர விடு’. இங்கிலாந்துப் பாடகர் மாரிஸ்ஸியின் ஒரு பாட்டுத் தலைப்பிலிருந்து லிண்ட்க்விஸ்ட் எடுத்தது. அழைத்தால்தான் காட்டேரி வீட்டுக்குள் வர முடியும் என்பது பழைய நம்பிக்கை. 1897இல் வந்த ‘டிராகுலா’ நாவலிலும் இந்த விதி இருக்கிறது. தலைப்பு அதையும் தொடுகிறது, யாரை மனசுக்குள் விடுகிறாய் என்பதையும் தொடுகிறது.

நான் ‘சரியானவரை’ என்று பொதுவில் எழுதாமல் ‘சரியானவனை’ என்று எழுதியதைக் கவனித்தீர்களா? ஸ்வீடிஷில் ‘ரெட்டே’ என்ற அந்த ஏகார முடிவு ஆண்பாலைக் குறிப்பது. ஆங்கிலத்துக்கு வந்ததும் அது காணாமல் போய்விட்டது. ஏன் இது முக்கியம் என்பது கீழே வரும்.

*எச்சரிக்கை: இதற்குக் கீழே எல்லாம் உடைத்துச் சொல்லப்படுகிறது.*

அழைக்காமல் உள்ளே வந்தால் காட்டேரிக்கு என்னதான் ஆகும்?

எத்தனையோ கதைகளில் இந்த விதி வருகிறது. விதியை மீறினால் என்ன நடக்கும் என்று காட்டுகிற படங்கள் மிகக் குறைவு. இந்தப் படத்தின் மையம் அந்தக் காட்சிதான் என்பேன்.

ஏலி வாசலில் நிற்கிறாள். “உள்ளே வா என்று நீ சொல்ல வேண்டும்” என்கிறாள். ஓஸ்கருக்கு அவள் யார் என்று இப்போது தெரியும். கோபமும் இருக்கிறது, கொஞ்சம் திமிரும் இருக்கிறது. சொல்லாவிட்டால் என்ன ஆகும், இங்கே ஏதாவது தடுப்பு இருக்கிறதா என்று காற்றில் கையை ஆட்டிக் காட்டுகிறான். பிறகு விரலை அசைத்து, வாயைத் திறக்காமல், வா என்று சைகை செய்கிறான். பள்ளியில் தன்னை வதைக்கிற பையன்களின் முகம் ஒரு நொடி அவன் முகத்தில் வந்து போகிறது.

அவள் வருகிறாள். கதவைச் சாத்திவிட்டு நிற்கிறாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் உடம்பு நடுங்குகிறது. முதுகில் சட்டை நனைகிறது. கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் தலையிலிருந்தும் ரத்தம் கசிந்து வழிகிறது. அவள் கத்தவில்லை, கெஞ்சவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஓஸ்கர் பதறிப்போய் “நீ உள்ளே வரலாம்!” என்று அலறி அவளைக் கட்டிக்கொள்கிறான்.

ஒரு பழைய விதியை வைத்து இதைவிட நல்ல காட்சி எடுத்துவிட முடியுமா என்று தெரியவில்லை. ஏலியால் அவனை நொடியில் கொன்றுபோட முடியும். ஆனால் அந்த அறையில் பலம் முழுவதும் ஓஸ்கர் கையில் இருக்கிறது, அவனும் அதைக் கொஞ்சம் ரசித்துவிட்டான்.

ஏலி பெண்ணா, ஆணா?

“நான் பெண் இல்லை” என்று ஏலியே ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்கிறாள். “நான் பெண்ணாக இல்லாவிட்டாலும் உனக்கு என்னைப் பிடிக்குமா?” என்றும் கேட்கிறாள். முதல் தடவை பார்க்கிறவர்கள் அதை ‘நான் மனுஷி இல்லை’ என்று எடுத்துக்கொள்வார்கள். பின்னால் ஒரு கண்ணிமைப்பு நேரம் ஒரு பழைய தழும்பு காட்டப்படுகிறது. படம் அதற்கு மேல் பேசாது. நாவலில் விவரமாக வருகிறது: ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் எலியாஸ் என்ற பையனாக இருந்து, கொடூரமாகச் சிதைக்கப்பட்டுக் காட்டேரியாக்கப்பட்ட பிள்ளை அது.

ஏலி என்பதே ஆண்பெயர்தான். தமிழ் பைபிள் படித்தவர்களுக்குச் சிறுவன் சாமுவேலை வளர்த்த ஆசாரியன் ஏலியைத் தெரிந்திருக்கும். தலைப்பில் இருக்கிற ஆண்பாலும் இப்போது புரியும்.

இதைத் தமிழில் எழுதும்போது பெரிய சங்கடம், ‘அவன்’, ‘அவள்’ இரண்டில் ஒன்றைப் போட்டே தீர வேண்டும். வினைச்சொல்லும் விடாது. ஓஸ்கர் எப்படிப் பார்த்தானோ அப்படியே இருக்கட்டும் என்று ‘அவள்’ போட்டிருக்கிறேன். ஓஸ்கருக்குக் கடைசியில் அது ஒரு பொருட்டாகவே இல்லை.

கூட வந்த அந்த வயதான ஆள் யார்? அப்பாவா?

இல்லை. ஹோக்கான். ஏலிக்காக ஆட்களைக் கொன்று ரத்தம் பிடித்து வருகிறவன். அதில் மகா சொதப்பல் பேர்வழி. பெர் ரக்னார் என்ற நடிகர் அவனை ஒரு களைத்துப்போன குமாஸ்தா மாதிரி நடித்திருப்பார். புனல், கேன், மயக்க மருந்து எல்லாம் பெட்டியில் ஒழுங்காக அடுக்கி எடுத்துக்கொண்டு போவான், எப்படியும் காரியம் கெட்டுவிடும். இரண்டாம் முறை மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று தெரிந்ததும், தன்னை அடையாளம் கண்டு ஏலியிடம் போய்விடக் கூடாது என்பதற்காக முகத்தில் அமிலத்தை ஊற்றிக்கொள்கிறான். ஏலி ஆஸ்பத்திரிச் சுவரில் ஏறி ஜன்னலுக்கு வருகிறாள். அவன் கழுத்தை நீட்டுகிறான்.

நாவலில் இவன் வேறு ஆள். பிள்ளைகள்மேல் விகாரமான ஆசை கொண்டவன், செத்தும் சாகாமல் திரும்பி வந்து அட்டகாசம் செய்வான். படம் அதையெல்லாம் கழற்றிவிட்டு, அவன் எப்படி ஏலியோடு சேர்ந்தான் என்பதையே சொல்லாமல் விட்டுவிட்டது. நல்ல முடிவு என்று நினைக்கிறேன்.

அப்படியானால் ஓஸ்கர்தான் அடுத்த ஹோக்கானா? ஏலி அவனை வளைத்துப் போடுகிறாளா?

இதுதான் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி. ஹோக்கானும் ஒரு காலத்தில் பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்திருப்பான், ஏலிமேல் மயங்கிப் பின்னாலேயே வந்து கிழவனாகியிருப்பான், இப்போது அவனுக்கு மாற்றாள் தேடுகிறாள் என்று படிக்க இடமிருக்கிறது. படம் மறுக்கவில்லை. லிண்ட்க்விஸ்ட்டுக்கு இந்த வாசிப்பு பிடிக்கவில்லை. தன் மனதில் இருந்தது வேறு என்று காட்டப் பிறகு ஒரு சிறுகதையே எழுதினார். அதன்படி ஓஸ்கரும் ஏலி மாதிரியே ஆகிவிட்டான் என்று ஊகிக்கலாம்.

என் கட்சி? எழுத்தாளர் சொல்வதை நம்ப விருப்பம். ஆனால் படத்தைப் பார்க்கும்போது ஹோக்கானின் களைத்த முகம்தான் கண்முன் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஏலிக்கு ஓஸ்கரை நிஜமாகவே பிடித்திருக்கிறது, அவளுக்கு ஒரு ஆளும் தேவைப்படுகிறது. மனிதர்களுக்குள்ளேயே இது நடக்காததா?

இவ்வளவு பேரை இழுக்கிற அளவுக்கு இந்தப் படத்தில் என்ன இருக்கிறது? பனியும் வெளிச்சமும் மட்டும்தானா?

பனியும் வெளிச்சமும் கதவுவரை கூட்டிக்கொண்டு வருகின்றன. அதற்கப்புறம் நடப்பதுதான் விஷயம்.

ஏலி யார் என்று முழுசாகப் புரிவதற்கு முன்பே நாம் அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். கலைக்கப்பட்ட வண்ணச் சதுரக் கட்டையை (ரூபிக்ஸ் கியூப்) ஓஸ்கர் கொடுக்கிறான், மறுநாள் சரிசெய்து வைத்திருக்கிறாள். அவன் நீட்டிய மிட்டாயை, தனக்கு ஆகாது என்று தெரிந்தும், அவன் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொள்கிறாள். அடுத்த காட்சியில் கட்டடத்துக்குப் பின்னால் நின்று வாந்தி எடுக்கிறாள். அவன் கட்டிக்கொள்கிறான். இதையெல்லாம் பார்த்தபிறகு யாருக்கு மனசு வராது? ஆக, உள்ளே வா என்று நாமும் சொல்லிவிட்டோம். எதற்குச் சம்மதம் கொடுத்தோம் என்பதைப் படம் பிறகுதான் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது.

இன்னொன்று. இந்தப் படத்தில் கத்தி முதலில் வருவது ஓஸ்கர் கையில். “கத்து, பன்றி மாதிரி கத்து” என்று முதலில் சொல்வதும் அவன்தான், ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தைப் பார்த்து. பின்னால் ஒரு நாள் ஏலி அதை நினைவுபடுத்துகிறாள். நீ கொல்ல ஆசைப்படுகிறாய், நான் வேறு வழியில்லாமல் கொல்கிறேன், “கொஞ்ச நேரம் நானாக இருந்து பார்” என்கிறாள். அந்தக் கணத்தில் அவள் முகம் ஒரு கிழவியின் முகமாக மின்னி மறையும். மறுபடி ஓட்டிப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

நீச்சல்குளக் காட்சியை ஏன் அப்படிக் கொண்டாடுகிறார்கள்?

பெரிய சண்டைக் காட்சியை ஒன்றுமே காட்டாமல் எடுத்திருக்கிறார்கள் என்பதால். ஓஸ்கர் அடித்ததில் ஒரு பையனுக்குக் காது போயிருந்தது. அவனுடைய அண்ணன், ஓஸ்கரின் தலைமுடியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்குகிறான். மூன்று நிமிடம் தாக்குப்பிடிக்காவிட்டால் காதுக்குப் பதில் கண் என்கிறான். கேமரா தண்ணீருக்குள் ஓஸ்கரோடு தங்கிவிடுகிறது. சத்தம் அடங்கிவிடுகிறது. பின்னணியில் இரண்டு கால்கள் குளத்தின் குறுக்கே அதிவேகமாக இழுபட்டுப் போகின்றன. ஏதோ ஒன்று விழுகிறது. தலைமுடியைப் பிடித்திருந்த கை இன்னும் பிடித்தபடியே இருக்கிறது, ஆனால் கைக்கு மேலே ஆள் இல்லை.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு வாய்விட்டு ஒரு சந்தோஷச் சத்தம் வந்தது. அடுத்து ஏலியின் கண்கள், ஓஸ்கரின் சிரிப்பு. அதோடு முடித்திருக்கலாம். ஆல்ஃப்ரெட்சன் முடிக்கவில்லை. குளத்தை மொத்தமாகத் தூரத்திலிருந்து காட்டுகிறார். உடல்கள் கிடக்கின்றன. உயிரோடு மிஞ்சிய ஒரு பையன் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறான். அவனும் பன்னிரண்டு வயதுதான். சந்தோஷச் சத்தம் போட்ட என் வாய் மூடிக்கொண்டது.

அந்தப் பூனைக் காட்சி…?

தெரியும். கடிபட்ட பெண்மேல் பூனைகள் பாய்கிற இடம். கம்ப்யூட்டர் பூனைகள் அன்றைக்கே நன்றாக இல்லை. தாண்டிப் போவோம்.

அமெரிக்க மறுஆக்கம் எப்படி?

2010இல் மேட் ரீவ்ஸ் எடுத்த ‘லெட் மீ இன்’. கதையை நியூ மெக்ஸிகோவின் லாஸ் அலமோஸுக்கு மாற்றினார்கள். மோசமான படம் இல்லை. காருக்குள்ளேயே கேமராவை வைத்து எடுத்த ஒரு விபத்துக் காட்சி பிரமாதம். ஆனால் மூலப்படம் மூடி வைத்ததை இது திறந்து காட்டிவிடுகிறது. வயதான ஆள் முன்பு யார் என்பதற்கு ஒரு பழைய புகைப்படத்தையே நீட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? முதலில் ஸ்வீடிஷ் படம், அப்புறம் வேண்டுமானால் இது.

இதே மாதிரி வேறு படங்கள்?

இதே மாதிரி என்று ஒன்றும் இல்லை, பக்கத்தில் சில உண்டு. கார்ல் தியடோர் ட்ரையரின் ‘வாம்பீர்’ 1932இல் வந்தது. லென்ஸுக்கு முன்னால் மெல்லிய துணி வைத்து எடுத்த புகைமூட்டமான படம், கதை புரியாவிட்டாலும் கனவு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பார்க் சான்-வூக்கின் கொரியப் படம் ‘தர்ஸ்ட்’, 2009. பாதிரியார் ஒருவர் காட்டேரியாகிறார். இது மூடி மறைக்கிற ரகம் இல்லை, எல்லாம் வெளிப்படை. 2014இல் அனா லிலி அமீர்பூர் பாரசீக மொழியில் எடுத்த ‘எ கேர்ள் வாக்ஸ் ஹோம் அலோன் அட் நைட்’ கறுப்பு வெள்ளைப் படம். கறுப்புச் சாதர் (ஈரானியப் பெண்கள் போர்த்திக்கொள்ளும் நீண்ட அங்கி) காற்றில் பறக்க ஸ்கேட்போர்டில் போகிற காட்டேரி. எடுத்தது கலிஃபோர்னியாவில். இந்த மூன்றில் முதலில் எதைப் பார்ப்பது என்றால் அதைத்தான் சொல்வேன்.

கடைசியில் ரயிலில் ஓஸ்கர் பெட்டியைத் தட்டுகிறானே, என்ன சொல்கிறான்?

இருவருடைய வீட்டுக்கும் பொதுச்சுவர் ஒன்று. அதைத் தட்டிப் பேச ஓஸ்கர் மோர்ஸ் குறியீட்டை ஏலிக்குச் சொல்லிக் கொடுத்திருப்பான். பகல் நேர ரயிலில் ஏலி பெட்டிக்குள் இருக்கிறாள். உள்ளிருந்து தட்டல் கேட்கிறது, அவன் பதில் தட்டுகிறான். அந்த எழுத்துகளைச் சேர்த்தால் ‘புஸ்’ என்று வரும். ஸ்வீடிஷில் சின்ன முத்தம்.

ஆரம்பத்தில் வருகிற அந்த வெள்ளை நாய் எதற்கு?

சிரிக்காதீர்கள், நல்ல கேள்வி. காட்டில் ஹோக்கான் ஒருவனைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு ரத்தம் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பூடில் நாய் வந்து எதிரில் உட்காருகிறது. குரைக்கவில்லை, சும்மா பார்க்கிறது. போ போ என்று விரட்டினாலும் போகவில்லை. நாயைத் தேடிக்கொண்டு அதன் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். ஹோக்கான் ரத்தம் பிடித்த கேனை அங்கேயே விட்டுவிட்டு ஓடுகிறான்.

வீட்டில் சாப்பாடு இல்லை. அதனால் ஏலி தானே வெளியே போய், பாலத்தடியில் யோக்கே என்பவனைக் கொல்கிறாள். அதை ஒருவர் மாடியிலிருந்து பார்த்துவிடுகிறார். யோக்கேயின் நண்பன் லாக்கே துக்கத்தில் குடிக்கிறான், தோழியோடு சண்டை வருகிறது, அவள் தனியாகக் கிளம்பிப் போகும்போது ஏலியிடம் கடிபடுகிறாள், அவளும் செத்த பிறகு லாக்கே கத்தியோடு ஏலியின் வீட்டைக் கண்டுபிடித்து வருகிறான். உறைந்த ஏரிக்குள் ஹோக்கான் மறைத்த யோக்கேயின் உடல் வெளியே தெரிவது, ஓஸ்கர் முதல் முறையாகத் திருப்பி அடிக்கிற அதே நிமிடத்தில். எல்லாம் அந்த நாய் நகராமல் உட்கார்ந்ததில் தொடங்கியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சொந்தக்காரர்களோடு வீட்டுக்குப் போயிருக்கும்.